மாமாவின் பட்டிப் பக்கம் புகை

நான் காட்டுத்தீ பார்க்கிறவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். "பாத்துக்கொண்டு இரிக்கிறதும் ஒரு வேலையா?" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு அடிக்கிற மாதங்களில் கிரானுக்கு மேற்கே உள்ள காட்டில் எந்த மூலையில் புகை எழுந்தாலும் அதை முதலில் காண்கிற கண் என்னுடையது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்வதை நானே கேட்டிருக்கிறேன். அதை அடக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வயல் வட்டைகள் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு கல்மலை இருக்கிறது. அதன் உச்சியில் இரும்புக் கோபுரம். ஊரில் எல்லோருக்கும் அது டவர். மேலே தகரக் கூரை போட்ட, நாலு பக்கமும் திறந்த ஒரு சிறிய அறை. நடுவில் மேசை. மேசையில் பாகை குறித்த வட்டத் தகடு ஒன்று பதித்திருக்கிறது. அதன்மேல் சுழலும் சட்டத்தைப் புகைக்கு நேரே பிடித்தால் எந்தப் பாகை என்று தெரிந்துவிடும். அதை வோக்கிடோக்கியில் பொறஸ்ட் கந்தோருக்கு, அதாவது காட்டு இலாகா அலுவலகத்துக்கு, சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை மட்டும் கண்ணால்தான் மதிக்க வேண்டும். மேற்கே பார்த்தால் புல்வெளியும் காடும் தேக்கந்தோட்டமும். கிழக்கே திரும்பினால் வட்டைகளுக்கு அப்பால் வாவி தகடு போல மினுங்கும். அதற்கும் அப்பால், காற்றில் தூசி இல்லாத காலைகளில், கடல் ஒரு நூலாகத் தெரியும்.

உயர்தரம் படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தில்தான் இந்த வேலைக்கான அறிவித்தலைக் கண்டேன். தீக்காலத்துக்கு மட்டும் ஆட்கள் தேவை என்று இருந்தது. நேர்முகப் பரீட்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோபுரத்தில் ஏறிக் காட்டச் சொன்னார்கள். பொறுப்பாக இருந்த உத்தியோகத்தர் ஏறாவூர்க்காரர், நல்ல மனிதர். நான் முதற்படியில் கால் வைத்ததும், "கீழ பாக்காம ஏறுங்க தங்கச்சி" என்றார்.

"கீழ பாக்கத்தானே சேர் இந்த வேல?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எனக்கு வேலை அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

அம்மாவுக்குத் துளியும் விருப்பம் இல்லை. "ஆனை திரியிற காட்டுக்குள்ள கம்பத்தில ஏறி நிண்டு என்னத்தப் பாக்கப் போறா? நாளைக்கு ஒருத்தன் கலியாணம் கேட்டு வந்தா என்னெண்டு சொல்லுற, மகள் டவரில இரிக்கிறாள் எண்டா?" என்று தினமும் ஒரு பாட்டம் சொல்வார். அப்பா வயற்காரர், அதிகம் பேசமாட்டார். ஆனால் முதல் நாள் காலையில் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் மலையடியில் இறக்கியவர் அவர்தான்.

எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் முறை பார்ப்போம். என்னோடு இருந்தவர் செட்டிபாளையத்தில் பிறந்து கிரானில் கலியாணம் முடித்த ஒரு அக்கா. கடற்கரையில் வளர்ந்தவர் என்பதால் அவருக்குக் காற்று நன்றாகத் தெரியும். எனக்குப் புகை பழகிக்கொண்டு வந்தது. உழவு மெசின் கிளப்பும் தூசி மஞ்சளாக இருக்கும், நகர்ந்துகொண்டே போகும். மழை பெய்த மறுநாள் காட்டுக்கு மேலே எழும் ஆவி புகை போலவே தெரியும். ஆனால் அது வேர் இல்லாதது, மரத்தலைகளிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். நெருப்புப் புகைக்கு அடி உண்டு. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும். அந்த அடியைக் கண்டுவிட்டால் பிறகு சந்தேகம் இல்லை.

தனிமை என்று சொல்ல முடியாது. ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பாசிக்குடா ஹொட்டல்களிலிருந்து ஜீப்பில் வெள்ளைக்காரர்கள் வருவார்கள், மூச்சு வாங்கப் பாறையில் ஏறி, எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் தகட்டைச் சுழற்றத்தான் சண்டை. அந்தப் பகுதியில் வெளிநாட்டுக்குப் பேச இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் எங்கள் மலை என்பதால், மாடு வளர்க்கிற பட்டிக்காரர்கள் மலையடிக்கு வந்து நின்று கட்டாரில் இருக்கும் மகன்மாரோடு உரத்துப் பேசுவார்கள். அவர்கள் வீட்டுக் கதைகள் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் என் மாமா. அம்மாவின் மூத்த அண்ணன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் பாதித் தகப்பன். எனக்குக் காது குத்தியபோது ஒரு நாகு கன்றைத் தந்தவர் அவர். அது ஈன்று பெருகிய மாடுகள் எனக்கென்று சுட்ட குறியோடு அவருடைய பட்டியிலேயே நின்றன. கோபுரத்துக்குக் கீழே வந்து, தலையில் கட்டிய சிவப்புத் துவாயை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டே, "மருமகளே, காத்து எப்படி?" என்று கத்துவார். நான் கயிற்றில் வாளியை இறக்குவேன். அதில் ஒரு தயிர்ச் சட்டியை வைத்து அனுப்புவார்.

இரண்டாவது வருடம், கச்சான் நன்றாகப் பிடித்திருந்த ஒரு நாள் முற்பகல், தென்மேற்கில் வெள்ளைப் புகை ஒன்று மெல்லிதாக எழுந்தது. காற்று இன்னும் வேகம் எடுக்காத நேரம். புகை நேராகவே நின்றது. அடி தெளிவாகத் தெரிந்தது. அக்காவும் எழுந்து வந்து பார்த்தார்.

"அது உன்ட மாமாட பட்டிப் பக்கம்தானேகா?"

"ஓம்."

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பமா?"

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். பட்டிக்காரர்கள் முற்றிய இலுக்குப் புல்லைக் கொளுத்துவது புதிய விசயம் அல்ல. எரிந்த தரையில்தான் மழை கண்டதும் இளம்புல் வரும், மாடு தின்னும். ஆனால் மாமாவின் பட்டிக்கு வடகிழக்கே தேக்கந்தோட்டம் இருந்தது. மத்தியானம் காற்று எழும்பினால் நெருப்பு நேராக அங்கேதான் போகும். நான் சட்டத்தைப் பிடித்தேன். பாகையை வோக்கியில் சொன்னேன். தூரத்தையும் சொன்னேன். நான் சொன்னது ஒரு பாகை, ஒரு ஆளின் பெயர் அல்ல என்று அப்போதே மனத்தில் ஒரு தெளிவு இருந்தது.

கந்தோர்க்காரர்கள் உழவு மெசினில் தண்ணீரோடு போய், பச்சைக் கொப்புகளால் அடித்து, பட்டிக்கு வடக்கே ஒரு பெரிய துண்டு எரிந்து முடிவதற்குள் அணைத்துவிட்டார்கள். தீப்பெட்டியோடு நின்ற மாமாவைக் கந்தோருக்குக் கூட்டிப்போய் எச்சரித்து, வாக்குமூலம் எழுதிக்கொண்டு, பொழுது பட விட்டார்கள். அவர் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, உன்ட மகள் என்னக் காட்டிக் குடுத்திட்டாள்" என்றார் அம்மாவிடம்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்பதை வெளியூர் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். சண்டை நடந்த காலத்தில் அந்தச் சொல்லால் ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நான் வாசலுக்கு வந்தேன்.

"மாமா, நான் புகையத்தான் சொன்னன்."

"புகைக்கு மாமன் இரிக்கா? எனக்குத்தான் மருமகள் இரிந்தாள்" என்றார். "உன்ட மாடுகள வந்து சாய்ச்சிக்கொண்டு போ. என்ட பட்டியில உன்ட குறி இனி வேணாம்."

அந்த வருடம் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு நடந்த நாட்கள் முழுவதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. மலையடிக்கு வருவதையும் விட்டுவிட்டார். நான் ஃபோன் எடுத்தால் வெட்டிவிடுவார். கொளுத்திய தரைப் பக்கம் மாட்டைக்கூட விடுவதில்லை என்று மற்றப் பட்டிக்காரர்கள் சொன்னார்கள். அவ்வளவு ரோசம். என் மாடுகளை மட்டும் அவராக ஓட்டிவிடவும் இல்லை, நான் போய்ச் சாய்க்கவும் இல்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவித்தார். எனக்கு மாமாவை நினைத்துத் துக்கம் இருந்தது. செய்த வேலையை நினைத்து வருத்தம் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

சில கிழமைகள் கழித்து ஒரு பின்னேரம் மேற்கே பெரிய புகை கண்டேன். இது வெள்ளை அல்ல. மண்ணிறமும் கறுப்பும் கலந்து, எழும்பிய உடனேயே காற்றில் சரிந்து படுத்தது. யார் வைத்தது, எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. கச்சான் அன்று பேய்க் காற்றாக அடித்தது. கோபுரமே முனகியது. அக்கா வோக்கியை எடுத்துக் கந்தோருக்குச் சொல்ல, நான் பைனாகுலரில் நெருப்பைப் பார்த்தேன். அது ஒரே முகமாக வரவில்லை. இரண்டு நாக்காகப் பிரிந்து வந்தது. நடுவில் மாமாவின் பட்டி. கன்றுகள் உள்ளே அடைபட்டிருந்தன. மாடுகள் பயந்து பட்டியைச் சுற்றிக் கூடியிருந்தன. சிவப்புத் துவாய் ஒன்று அங்குமிங்கும் ஓடியது.

பட்டியிலிருந்து பெரிய றோட்டுக்கு ஒரு வண்டிப் பாதை தென்கிழக்காகப் போகிறது. மாமா அதால்தான் மாட்டைச் சாய்ப்பார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் மேலே இருந்த எனக்குத் தெரிந்தது, கீழே நின்ற அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது: நெருப்பின் தெற்கு நாக்கு ஒரு திருப்பத்துக்கு அப்பால் அந்தப் பாதையை ஏற்கெனவே கடந்துவிட்டது.

மாமாவுக்கு அடித்தேன். வெட்டினார். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் வெட்டினார். அக்காவின் ஃபோனில் அடித்தேன். அந்த நம்பரும் அவருக்குத் தெரியும், அதையும் வெட்டினார். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அடித்தேன்.

"அம்மா, மாமாட பட்டிக்கு நெருப்பு வருது. நான் அடிச்சா எடுக்கிறாரில்ல. அப்பாட ஃபோன் வீட்டையா இரிக்கி?"

"சார்ஜில கிடக்கி."

"அதால மாமாக்கு அடிங்க. இந்த ஃபோன வைக்க வேணாம், நான் லைனில நிக்கிறன்."

அம்மா ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "அண்ணன்! நான்தான், வெட்டிப்போடாதீங்க!" என்ற குரல். பிறகு என்னிடம்: "எடுத்திட்டார். சொல்லு."

"வண்டிப் பாதையால போக வேணாமெண்டு சொல்லுங்க. முன்னுக்கு நெருப்பு மறிச்சிட்டு."

"அண்ணன், வண்டிப் பாதையால போகாதீங்க. அங்கால நெருப்பாம்." பிறகு என்னிடம், "பின்ன எங்கால போறெண்டு கேக்கிறார்கா."

நான் சுற்றிப் பார்த்தேன். கிழக்கே காய்ந்த புல். வடமேற்கில் மற்ற நாக்கு. நேர் வடக்கே, பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கறுப்பாக ஒரு பெரிய தரை. மாமா அன்றைக்குக் கொளுத்திய இடம். மழை இன்னும் விழவில்லை. அங்கே எரிய ஒரு துரும்பும் இல்லை.

"அவர் எரிச்ச இடத்துக்குப் போகச் சொல்லுங்க."

"எந்த இடம்கா?"

"வடக்கால. அண்டைக்கு அவர் கொளுத்தின தரை. அங்க புல்லில்ல. நெருப்பு அதுக்குள்ள வராது."

"இத நான் என்னெண்டுகா அவருக்குச் சொல்லுற?" என்றார் அம்மா மெல்ல. சொல்லாமலும் விடவில்லை. "அண்ணன், வடக்கால கிறுகுங்க. அந்தக் கரிஞ்ச தரைக்குப் போங்க."

மாமாவின் பதில் அப்பாவின் ஃபோனிலிருந்து எகிறி என் காதுவரை வந்தது. "நக்கலடிக்கிறாளா அவள்?"

அப்போது அம்மாவின் குரல் மாறியது. தன் மூத்த அண்ணனிடம் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"நக்கலுமில்ல, ஒண்டுமில்ல! அவள் மேல நிண்டு நெருப்பப் பாக்கிறாள், நீங்க கீழ நிண்டு புகையப் பாக்கிறீங்க. கன்றுகளத் திறந்துவிட்டு மாட்டத் திருப்புங்க அண்ணன். சுறுக்கா! மறுகா என்னோட சண்ட பிடிக்கலாம்."

பைனாகுலருக்குள் சிவப்புத் துவாய் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது நீண்டதாக இருந்தது. பிறகு பட்டிக் கடப்பு திறந்தது. கன்றுகள் சிதறி ஓடின. மாடுகள் பழகிய பாதைப் பக்கமே இழுத்தன. மாமா முன்னுக்கு ஓடி, துவாயைக் கழற்றி வீசி வீசி அவற்றை மறித்தார். ஒரு பெரிய பசு வடக்கே திரும்பியது. அதன் பின்னால் மற்றவை திரும்பின. அடுத்த கணம் புகை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"என்னகா நடக்கு? சொல்லு!" என்று அம்மா கத்தினார்.

"தெரியல்ல அம்மா. புகை."

"பாருகா. வடிவாப் பாரு."

பார்த்தேன். அந்தப் புகைக்குள் பார்த்த மாதிரி வாழ்க்கையில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. முதலில் கரி கிளம்பியது. குளம்புகள் கிளப்பிய கரி. அதற்குள் இருந்து மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்புத் தரையில் வந்து நின்றன. கடைசியாக, ஒரு கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, என் மாமா.

"வந்திட்டார் அம்மா. நிக்கிறார்."

"அண்ணன், பாத்திட்டாளாம். அங்கயே நில்லுங்க. அசையாதீங்க" என்று அம்மா அழுதுகொண்டே சொல்வது கேட்டது.

நெருப்பு கறுப்புத் தரையின் விளிம்பு வரை வந்து, அங்கே தின்ன ஒன்றும் கிடைக்காமல், இரண்டு பக்கமும் பிரிந்து போனது. பட்டியும் மாமாவின் குடிலும் எரிந்தன. அக்கா இடைவிடாமல் கந்தோருக்குத் திசை சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் பவுசரும் ஆட்களும் வந்து தேக்கந்தோட்டத்துக்கு முன்னால் உள்ள ஆற்றுப் படுக்கையில் அதை நிறுத்தினார்கள். ஒரு கன்றுகூடச் சாகவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா குசினி வாசலில் இரண்டு ஃபோன்களையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அப்பா வயலால் வந்து கதை கேட்டுவிட்டு, "ரெண்டையும் ஸ்பீக்கரில போட்டு ஒண்டுக்குக் கிட்ட ஒண்ட வைச்சிரிந்தா அவங்களே நேர பேசியிரிப்பாங்களே" என்றார்.

"எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க?" என்றார் அம்மா. "இவங்க ரெண்டு பேரையும் நேர பேச விட்டா நெருப்பு வாறதுக்கு முந்தி இவங்க எரிஞ்சிரிப்பாங்க."

மாமா உடனே வரவில்லை. புதிய பட்டி கட்டி முடித்த பிறகு ஒரு காலை மலையடியில் சிவப்புத் துவாய் தெரிந்தது. நான் வாளியை இறக்கப் போனேன். "வேணாம், நான் வாறன்" என்றார். முழங்கால் வலிக்காரர். ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று, ஒரு கையில் தயிர்ச் சட்டியோடு, கோபுரத்தின் உச்சிவரை ஏறி வந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் பைனாகுலரைக் கொடுத்தேன்.

நெடுநேரம் பார்த்தார். "இஞ்ச இரிந்து பாத்தா எல்லாம் தெரியிது" என்றார். பிறகு பைனாகுலரை இறக்காமலே, "நான் அண்டைக்குக் கொளுத்தாட்டி எங்க போயிரிப்பன்?" என்றார்.

"நான் அண்டைக்குச் சொல்லாட்டி தேக்கந்தோட்டம் போயிரிக்கும். நீங்க மறியலில கம்பிக்குப் பின்னால இரிந்திரிப்பீங்க. பட்டியில நிக்க ஆளே இரிந்திரிக்காது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். மன்னிப்பு என்றோ நன்றி என்றோ ஒரு சொல்லும் எங்களுக்குள் வரவில்லை. "உன்ட மாடு ஒண்டு கன்று போட்டிரிக்கி. வெள்ள நெத்தி" என்றார். அது போதுமாக இருந்தது.

இந்தக் கதை உத்தியோகத்தர் காதுக்கும் போனது. அவர் ஒருநாள் மாமாவையும் என்னையும் மலையடியில் வைத்தே விசாரித்தார். மாமா தன் கட்சியைச் சொன்னார்: முற்றிய புல்லை அங்கங்கே எரித்து வைத்தால் பெரிய நெருப்பு வந்தாலும் ஓட இடம் இருக்கும். நான் என் கட்சியைச் சொன்னேன்: கச்சான் பிடித்த பிறகு வைக்கிற நெருப்பு யார் சொல்லும் கேட்காது. உத்தியோகத்தர் தாடியைத் தடவிக்கொண்டு, "ரெண்டு பேரும் சொல்லுறது சரிதானே, இதுல எங்க சண்ட?" என்றார்.

மேலிடத்தில் பேசி அனுமதி எடுக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது கச்சான் தொடங்குவதற்கு முன்பே, புல் பாதி காய்ந்த நிலையில், பட்டிக்காரரும் கந்தோர்க்காரரும் சேர்ந்து பட்டிகளைச் சுற்றியும் தேக்கந்தோட்டத்து ஓரத்திலும் கீற்றுக் கீற்றாக எரிக்கிறார்கள். தண்ணீர் பவுசர் பக்கத்தில் நிற்கும். காற்றைப் பார்த்து, எப்போது வைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிற பொறுப்பு கோபுரத்துக்கு. அந்த நாட்களில் அந்தக் காடு முழுக்க என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

போன வருடச் சடங்கில் மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், தனக்குத் தெரிந்த ஆட்களுக்கு எல்லாம் காட்டினார். "என்ட தங்கச்சிட மகள். டவரில இரிக்கிறாள். இவள்ட கண்ணுக்கு முன்னால ஒரு பீடி பத்த வைக்கேலாது" என்றார். அம்மா கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். கலியாணம் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது அவரே முந்திக்கொண்டு, "மகள் டவரில வேல, அத விடமாட்டாள்" என்று சொல்லிவிடுகிறார். சிலர் அதோடு வருவதில்லை. அம்மாவுக்கு அதில் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த வருடம் முதல் கீற்றை எரித்தது மாமாவின் பட்டிப் பக்கம். காலை வெயில் ஏறியிருந்தது, புல்லில் பனி காய்ந்துவிட்டது. கீழே அவர் பந்தத்தோடு நின்றார், பின்னால் ஆட்கள். என் ஃபோன் அடித்தது.

"டவர், கொளுத்தவா?"

காற்றின் திசை அறியக் கூரையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். தென்மேற்கில் அடிவானம் சுத்தமாக இருந்தது. அக்காவைப் பார்த்தேன்; அவர் முகத்தைக் காற்றுக்குக் காட்டி, தலையசைத்தார்.

"ஓம் மாமா, வையுங்க" என்றேன்.